மேகத்திட்டில் பால் பொங்கிய சாயங்காலம்

நான் கண்டக்டர். இதை முதல்லயே சொல்லிடறேன். பின்னாடி ஒரு காட்டுமாட்டுகிட்ட நான் பேசின பேச்சைக் கேட்டுட்டு, சுருளிவேலுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு யாரும் நினைக்கக் கூடாது.

பஸ்ஸுல டிரைவர் வேணாம்னு எடுத்து வருஷக்கணக்காச்சு. வண்டி தானா ஓடுது, தானா நிக்குது, ஆடு குறுக்க வந்தா தானா ஹாரன் அடிக்குது. கண்டக்டரை மட்டும் எடுக்க முடியலை. ஒரு தடவை எடுத்துப் பார்த்தாங்க, அன்னைக்குப் போடியில வண்டி கிளம்பவே இல்லை. படியில தொங்குறவனை உள்ள ஏறச் சொல்லவும், ஒரு சீட்டுக்கு ரெண்டு துண்டு போட்டுச் சண்டை பிடிக்கிறவங்களை விலக்கிவிடவும் எந்த மெஷினுக்கும் தொண்டை கிடையாது. எனக்கு உண்டு. நான் சின்னமனூர்ல கத்தினா உத்தமபாளையத்துல இறங்குறவங்க எழுந்து நிப்பாங்க.

அந்தத் தொண்டை ஒரே ஒரு ஆள் முன்னாடி மட்டும் அடைச்சுக்கும். வைகைச்செல்வி. கம்பத்துல ஒரு கண்ணாடிக் கடையில கண் பரிசோதனை பண்றவங்க. புருஷன் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு. மாமியார் பவுன்தாயியும் அவங்களும் மட்டும்தான் ஒரே வீட்டுல இருக்காங்க. தினம் காலையில என் பஸ்ஸுல ஏறி ஜன்னலோரம் உட்காருவாங்க. நான் போய் நிப்பேன். "கம்பமா?"ம்பேன். "ம்"பாங்க. நாலு வருஷமா நாங்க பேசின பேச்சு அம்புட்டுத்தான். தினம் கம்பத்துக்குத்தான் போறாங்கன்னு தெரிஞ்சும் தினம் அதையே கேட்டேன். வேற எதைக் கேட்கிறது? வேற ஒண்ணு கேட்டு, அதுக்கு இல்லைன்னு பதில் வந்துட்டா, மறுநாளும் அதே பஸ்ஸு, அதே சீட்டு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு டிக்கெட் குடுப்பேன்?

இந்த லட்சணத்துல அவங்க கடைக்காரர் கோயமுத்தூர்ல புதுக்கடை திறக்கிறார்னும், அதுக்கு வைகைதான் பொறுப்புன்னும், ஆடி முடிஞ்சா மாமியாரும் மருமகளும் கிளம்புறாங்கன்னும் பஸ்ஸுல பேச்சு. அன்னைக்குத்தான் மலை மேல மேகத்திட்டுக் குடில்ல இடம் பிடிச்சேன்.

குடில்னா ஆளில்லாக் குடில். வாட்ச்மேன் கிடையாது, சமையல்காரன் கிடையாது. கதவு தானா திறக்கும், வெந்நீர் தானா வரும், சுவத்துல ஒரு குரல் மட்டும் இருக்கும். அதை ஏன் பிடிச்சேன்கிறதை அப்புறம் சொல்றேன். பிடிச்சுட்டு, "மேகம் காலடியில நடக்குமாம், ஊரை விட்டுப் போறதுக்கு முன்னாடி பார்த்துட்டுப் போலாமே"ன்னு பவுன்தாயி அம்மாகிட்டதான் சொன்னேன். வைகைகிட்ட சொல்லத்தான் தொண்டை வராதே.

"மூணு பேருக்கும் இடம் போட்டுட்டியா தம்பி?"ன்னு கேட்டாங்க.

"போட்டுட்டேன்மா."

"போடாம இருந்திருந்தா உன் காலை முறிச்சிருப்பேன்"னு சொல்லிட்டு, அப்பவே பை எடுத்து வைக்க ஆரம்பிச்சுட்டாங்க.

ஜீப் இறக்கிவிட்ட இடத்துல இருந்து கொஞ்ச தூரம் புல்வெளியில நடை. பவுன்தாயி அம்மா ஒரு கையில பால் தூக்கும் இன்னொரு கையில குச்சியுமா முன்னாடி போறாங்க. எனக்குப் பின்னாடி வைகை. பாதி வழியில அவங்களே பேச்சுக் கொடுத்தாங்க.

"குடில்ல ஏதோ காத்து விடுவாங்களாமே, அது நிஜமா கண்டக்டர்?"

வழி சொல்ற மாதிரி கேள்விக்கெல்லாம் எனக்குப் பதில் வரும். "நிஜம்தாங்க. முன்னாடி ஒரு மழை ராத்திரி, இப்படி ஒரு குடில்ல தங்கினவங்க இடிச் சத்தத்துக்குப் பயந்து கதவைத் திறந்துக்கிட்டு ஓடியிருக்காங்க. உள்ளயே உட்கார்ந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. ஓடினவங்க பள்ளத்துல விழுந்துட்டாங்க. அதுக்கப்புறம்தான் எல்லாக் குடில்லயும் ஒரு சிலிண்டர் வச்சாங்க. இருட்டினதும் லேசா காத்துல கலந்து விடும். மூச்சுல போனா பயம் மட்டும் போயிடும். காலையில தெளிஞ்சுடும்."

"நல்லதுதானே."

"நல்லதுதான். ஆனா இடிக்குப் பயப்படுறது மட்டும் போனா பரவாயில்லை. மாமனாருக்குப் பயப்படுறது, முதலாளிக்குப் பயப்படுறது, எல்லாம் சேர்ந்து போயிடுது. மருமகன் மாமனாரைப் பார்த்து உங்க மீன்குழம்பு வாயில வைக்க விளங்கலைன்னுட்டான். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை பேசி, கீழ இறங்கினதும் ரெண்டு பேரும் மாட்டேன்னுட்டாங்க. பஞ்சாயத்துக்குப் பஞ்சாயத்து இதே வழக்கு. கடைசியில விதி போட்டுட்டாங்க, அந்தக் காத்தை மூச்சுல வாங்கிட்டுப் பேசினது எங்கேயும் செல்லாதுன்னு."

வைகை சிரிச்சாங்க. நான் மலையில இன்னும் கொஞ்சம் உசரமாகிட்ட மாதிரி இருந்துச்சு. அந்த வேகத்துல எங்க டிப்போ டைம்கீப்பர் சௌந்தரபாண்டி கதையையும் சொன்னேன். "அவரும் அவர் சம்சாரமும் தவறாம மாசத்துக்கு ஒருக்கா குடிலுக்கு வந்துடுவாங்க. விடிய விடிய பேசுவாங்களாம். ஒருத்தர் மேல ஒருத்தர் உள்ள குறை, ஆசை, அழுகை எல்லாம் இங்கதான்."

"கீழ வீட்டுல?"

"டிவி பார்ப்பாங்க."

இதுக்கும் சிரிப்பாங்கன்னு பார்த்தேன். சிரிக்கலை. "அப்ப இங்க பேசுறது யாரு கண்டக்டர்? அவங்களா, அந்தக் காத்தா?"ன்னு கேட்டாங்க.

வழி பார்க்கிற மாதிரி எட்டி நடந்தேன். பதில் தெரிஞ்சாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஏன்னா என் திட்டமே அந்தக் காத்தை நம்பித்தான். கேட்டுக்கோங்க, எவ்வளவு பெரிய மூளைன்னு. காத்து வரும், பயம் போகும், என்னைக் கட்டிக்கிறீங்களான்னு கேட்டுடுவேன். சரின்னா சந்தோஷம். இல்லைன்னா, அந்த இல்லையும் செல்லாது. திங்கக்கிழமை ஒண்ணுமே நடக்காத மாதிரி "கம்பமா?"ன்னு கேட்டுக்கலாம். கோழைக்குத்தான் இப்படியெல்லாம் தோணும்னு எனக்கே தெரியும், ஆனா தோணினது நல்லாத்தான் இருந்துச்சு.

குடில் கதவு எங்களைப் பார்த்ததும் திறந்துச்சு. "அன்பார்ந்த விருந்தினர்களே, வருக. இருட்டிய பின் வெளியே செல்ல வேண்டாம்"னு சுத்தத் தமிழ்ல ஒரு குரல். பவுன்தாயி அம்மா வலது காலை எடுத்து வச்சாங்க, சுத்திப் பார்த்தாங்க, அடுப்பைத் தொட்டுப் பார்த்தாங்க.

"பால் காய்ச்சணும்"னாங்க.

"ஒரு ராத்திரிதானே அத்தை"ன்னாங்க வைகை.

"ஒரு ராத்திரின்னாலும் வீடு வீடுதான். பால் பொங்காம, சூடம் காட்டாம ஒரு கூரைக்குக் கீழ படுக்க எனக்கு மனசு வராது. தம்பி, இந்தக் குழாய்த் தண்ணி இரும்பு வாடை அடிக்குது. வர்ற வழியில ஓடை ஒண்ணு பார்த்தேன், ஒரு குடம் மொண்டுட்டு வா."

குடம் இல்லை, கேன்தான் இருந்துச்சு. எடுத்துட்டு இறங்கினேன். ஓடையில நின்னுக்கிட்டு ஒத்திகை பார்த்தேன். "வைகை, என்னைக் கட்டிக்கிறீங்களா?" தண்ணிகிட்ட நல்லாத்தான் வந்துச்சு. நிமிர்ந்து பார்த்தா, மேல குடில் கூரையில இருந்து வெள்ளையா ஒரு மூட்டம் குபுகுபுன்னு கிளம்பி, காத்தோட பின்பக்கப் புல்வெளிக்குப் போகுது. ஆகா, இருட்டுறதுக்கு முன்னாடியே விட்டுட்டாங்கடான்னு கேனைத் தூக்கிட்டு ஓடினேன்.

உள்ள சூட வாசனை. அடுப்பு மேல பால் பொங்கி வழிஞ்சு கிடக்கு. கூரையில ஏதோ ஃபேன் சுத்தி அப்பதான் அடங்குது. ரெண்டு பொம்பளைங்களும் எதிரும் புதிருமா நின்னாங்க, நான் வந்ததும் பேச்சை நிறுத்தின மாதிரி.

"காத்து விட்டாச்சாம்மா?"

பவுன்தாயி அம்மா என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. "விட்டாச்சு தம்பி. நல்லா விட்டாச்சு"ன்னாங்க.

நெஞ்சு நிறைய இழுத்தேன். இன்னொரு தடவை இழுத்தேன். என்ன சொல்றது, தலை கிறுகிறுன்னு வந்துச்சு. கால் தரையில பாவலை. சிரிப்பு தானா பொத்துக்கிட்டு வந்துச்சு. நாப்பது வருஷமா என் நெஞ்சுல உட்கார்ந்திருந்த எவனோ ஒருத்தன், இந்த ஸ்டாப்புல இறங்கிட்ட மாதிரி. பொங்கின பாலை டம்ளர்ல ஊத்தி வைகை நீட்டினாங்க. டம்ளர் கடகடன்னு ஆடுச்சு. "குளிருதுங்களா? கம்பளியைப் போத்திக்குங்க"ன்னேன். நாலு வருஷத்துல 'கம்பமா'வைத் தவிர நானா ஆரம்பிச்ச முதல் பேச்சு அதுதான். வைகை ரெண்டு கம்பளியை எடுத்துப் போத்திக்கிட்டாங்க. அப்பவும் ஆட்டம் நிக்கலை.

அதுக்கப்புறம் என் வாய் ஓயலை. பஸ்ஸுல நடந்த கதையெல்லாம் எடுத்து விட்டேன். கோழியை மடியில வச்சுக்கிட்டு அரை டிக்கெட் கேட்டவன் கதை, பல்செட்டை சீட்டுல மறந்துட்டுப் போனவர் மறுநாள் வந்து பேச முடியாம சைகையில கேட்ட கதை. ரெண்டு பேரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. பாரு, இவங்களுக்கும் ஏறிடுச்சுன்னு நினைச்சேன்.

அந்தி மசங்குற நேரம், வாசல்ல புஸ்ஸுன்னு ஒரு மூச்சு. ஜன்னல் வழியா பார்த்தா காட்டுமாடு. ஒத்தைக் கடா. நம்ம வீட்டுப் பீரோவுக்கு நாலு கால் வச்ச மாதிரி. படிக்கட்டுல முன்னங்கால் ரெண்டையும் தூக்கி வச்சுக்கிட்டு, கதவை நக்கிக்கிட்டு நிக்குது.

"விருந்தினர்களே, காட்டுமாடுகள் பொதுவாக மனிதரைக் கண்டால் விலகிவிடும். இது விலகவில்லை. கதவு இதன் எடையைத் தாங்குமா என்பது உறுதியில்லை"ன்னுச்சு குரல்.

"நான் பார்த்துக்கிறேன்"னு எழுந்தேன்.

"சுருளி, வேணாம்"னாங்க வைகை. என் பேரை அவங்க வாயில அன்னைக்குத்தான் கேட்டேன். அதுக்கப்புறம் என்னை யார் பிடிக்கிறது? பக்கக் கதவைத் திறந்துக்கிட்டு, நடந்து போய் அதுக்கு நேரா நின்னேன். கொம்பு ரெண்டும் என் தோளுக்கு ரெண்டு பக்கமும் இருந்துச்சு.

"படியில நிக்காதீங்க சார்"னேன். "எத்தனை தடவை சொல்றது? பின்னாடி எவ்வளவு இடம் காலியா கிடக்கு, தள்ளிப் போங்க. போங்க போங்க போங்க."

அது என்னைப் பார்த்துச்சு. அதுக்கும் என்னைக் கண்டு பயம் இல்லை, எனக்கும் அதைக் கண்டு பயம் இல்லை. ரெண்டு பேரும் டிக்கெட் தகராறு மாதிரி நின்னுக்கிட்டு இருக்கோம். அப்ப பக்கத்துல ஆள் வந்த மாதிரி இருந்துச்சு. திரும்பினா வைகை, கையில பால் சட்டியோட. உதடு வெளுத்திருக்கு. என்னவோ சொல்ல வாயெடுத்தாங்க, மாட்டைப் பார்த்தாங்க, சொல்லாம முழுங்கிட்டாங்க.

"நீங்க ஏங்க வந்தீங்க?"

"நீங்க தனியா நிக்க வேணாம்னுதான்."

சட்டைப் பையில விசில் இருந்துச்சு. எடுத்து ரெண்டு தடவை ஊதினேன், பஸ்ஸைக் கிளப்புற ரெட்டை விசில். மாடு காதை ஆட்டுச்சு. ஆற அமர யோசிச்சுது. அப்புறம் படியில இருந்து காலை எடுத்து, புல்லுல இறங்கி, கல்யாண வீட்டுல சாப்பிட்டு முடிச்சவர் மாதிரி மெதுவா நடந்து போயிருச்சு.

உள்ள வந்து கதவைச் சாத்தினதும் கேட்டுட்டேன். ஒத்திகையெல்லாம் மறந்து போச்சு. "வைகை, நான் உங்களைக் கட்டிக்கணும்னு நாலு வருஷமா நினைச்சுக்கிட்டு இருக்கேன். கோயமுத்தூருக்கு நானும் மாத்தல் வாங்கிக்கிறேன். அங்கேயும் பஸ்ஸுல ஆளுங்க படியிலதான் தொங்குவாங்க. என்னைக் கட்டிக்கிறீங்களா?"

வைகை மாமியாரைப் பார்த்தாங்க. பவுன்தாயி அம்மா கீழ உட்கார்ந்துட்டாங்க.

"முதல்ல நான் ஒண்ணு சொல்லிடறேன்"னாங்க. அதட்டிப் பேசுற குரல் இல்லை அது. "என் மகன் போனப்பவே இவளை அவங்க வீட்டுல கூப்பிட்டாங்க. இவ போகலை, என்கூட இருந்துட்டா. இப்ப இவ உன்னைக் கட்டிக்கிட்டா எனக்கும் உங்களுக்கும் என்ன உறவு தம்பி? நான் யாரோட மாமியார்? ராத்திரி படுத்தா இதுதான் ஓடுது. எனக்குப் பயமா இருக்கு. இதை இவகிட்டகூட சொன்னதில்லை."

"அம்மா, நீங்க ஏறாம வண்டி கிளம்பாது"ன்னேன். "உறவுக்குப் பேரு அப்புறம் வச்சுக்கலாம்."

வைகை மாமியார் பக்கத்துல போய் உட்கார்ந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. என்னைப் பார்க்காம, தரையைப் பார்த்துச் சொன்னாங்க. "சரி."

"என்னது?"

"கட்டிக்கிறேன்னு சொன்னேன்."

அன்னைக்கு நான் ஆடின ஆட்டத்தை எழுதினா என் மதிப்புப் போயிடும், விடுங்க. மூணு பேரும் பாலும் பன்னும் சாப்பிட்டோம். படுத்ததும்தான் சுருக்குன்னுச்சு. இது குடில் பேச்சு. விடிஞ்சா செல்லாது. 'இல்லை' செல்லாதுன்னுதானே சந்தோஷப்பட்டேன், 'சரி'யும் செல்லாதுன்னு என் பெரிய மூளைக்கு ஏன் தோணலை? விடிய வேணாம்னு வேண்டிக்கிட்டே தூங்கிப் போனேன்.

விடிஞ்சுது. வெயில் சுள்ளுன்னு அடிச்சுது. மேகம் நிஜமாவே காலடியில நடந்துச்சு, எனக்கு அதைப் பார்க்க மனசில்லை. வைகை முகத்தைப் பார்க்கவே கூச்சமா இருந்துச்சு. பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு வாசல்ல இறங்கினேன். பழையபடி தொண்டை அடைச்சிருச்சு. தெளிஞ்சுடுச்சுடா சுருளின்னு நினைச்சேன்.

அப்பதான் குரல் பேசுச்சு. "விருந்தினரே, ஒரு வருத்தம். நேற்று மாலை அடுப்பருகே சூடப் புகையும் பால் பொங்கிய ஆவியும் கண்டு, தீ விபத்து என்று தவறாகக் கருதிவிட்டோம். உங்கள் பதற்றம் தணிய அமைதிக் கலவை முழுவதும் திறக்கப்பட்டது. அதே நேரத்தில் புகைபோக்கி விசிறியும் ஓடியதால், அனைத்தும் கூரை வழியே வெளியேறிவிட்டது. அறைக்குள் சிறிதும் தங்கவில்லை. உள்ளே இருந்த இருவருக்கும் அப்போதே தெரிவித்தோம். உங்களுக்கும் தெரிவிக்கலாமா என்று கேட்டதற்கு, காலையில் சொன்னால் போதும் என்றார்கள். நேற்று நீங்கள் மூவரும் பேசியவை கலவையின்றிப் பேசியவை. ஆகவே அவை செல்லும்."

எனக்குப் பாதிதான் புரிஞ்சுது. முதல்ல புரிஞ்சது, காத்து கூரை வழியா வெளிய போயிருச்சுங்கிற பாதிதான். "அப்ப அந்த மாடு?"ன்னேன்.

"கூரைக்குப் பின்புறம் மேய்ந்துகொண்டிருந்தது. கலவை முழுவதும் அதற்கே போனது."

மாடு காலை வச்சிருந்த அதே படியில உட்கார்ந்துட்டேன். அந்தக் கொம்பு. ஐயோ, அந்தக் கொம்பு. படியில நிக்காதீங்க சார்னு யாருகிட்ட சொல்லியிருக்கேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"ன்னு வைகையைக் கேட்டேன்.

"தெரியும். அத்தைதான் சொல்ல வேணாம்னாங்க."

"பின்னே?"ன்னாங்க பவுன்தாயி அம்மா, முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு. "காத்து இல்லைன்னு சொல்லியிருந்தா, இந்த மலை உச்சியில உட்கார்ந்துக்கிட்டு ‘கம்பமா’ன்னுதான் கேட்டிருப்பே."

வைகை என் பக்கத்துல படியில உட்கார்ந்தாங்க. "மாட்டுகிட்ட போனீங்க பாருங்க, என் உசிரு என்கிட்ட இல்லை. சொல்லிடணும்னுதான் வெளிய வந்தேன். பக்கத்துல வந்ததும், இப்ப சொன்னா பயந்து ஓடுவீங்க, ஓடினா அது விரட்டும்னு தோணுச்சு. அதான் சொல்லாம கூட நின்னேன்."

"நேத்து டம்ளர் ஆடுச்சே. குளிருன்னுல்ல நினைச்சேன்."

"ரெண்டு கம்பளி போத்தியிருந்தேன் சுருளி. குளிரா அது?" என் பக்கம் திரும்பினாங்க. "நீங்க காத்து இருக்குன்னு நம்பிக் கேட்டீங்க. நான் இல்லைன்னு தெரிஞ்சுதான் பதில் சொன்னேன். என் பாதி முடிஞ்சுது. இப்ப உங்க பாதியைச் சொல்லுங்க."

சொல்லத்தான் நினைச்சேன். உத்தமபாளையம் வரைக்கும் கேட்கிற தொண்டை, ஒரு முழம் தள்ளி இருக்கிற ஆளுகிட்ட வரமாட்டேங்குது. கை தானா சட்டைப் பைக்குப் போச்சு. விசிலை எடுத்து வாயில வச்சேன்.

வைகை அதைப் பிடுங்கிக்கிட்டாங்க. அவங்க கை இப்பவும் நடுங்குச்சு. "விசில் செல்லாது. வாயால."

"வைகை"ன்னேன். வயசுப் பையனுக்குக் குரல் உடையிற மாதிரி வந்துச்சு. "என்னைக் கட்டிக்கிறீங்களா?"

"ம்"னாங்க. நாலு வருஷமா டிக்கெட்டுக்குச் சொன்ன அதே "ம்".

வெயில் நல்லா ஏறியிருந்துச்சு, குளிர்னு சொல்ல வழியில்லை. ரெண்டு பேருக்கும் நடுக்கம் நிக்கலை. பால் தூக்கைக் கையில மாட்டிக்கிட்டு முன்னாடி இறங்கின பவுன்தாயி அம்மா, திரும்பிப் பார்த்து, "உட்கார்ந்து நடுங்கினது போதும், நடந்துக்கிட்டே நடுங்குங்க, ஜீப்பு வந்துரும்"னாங்க.